60 எச்பி படகு எஞ்சின்: மாட்டும் உயரமா, புரொப்பெல்லரா?

உபின்_தூண்டில்: 17 அடி ஃபைபர் படகு. சிங்கப்பூர் சாங்கியிலிருந்து புலாவ் உபின் தீவுப் பக்கம் போவோம். நாலு பேரும் ஐஸ் பெட்டியும் ஏறினால், முழு வேகத்திலும் 4700 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு 4700 சுற்று). கையேட்டில் 5000–6000 என்று இருக்கிறது. 13 பிட்ச் புரொப்பெல்லர் (ஒரு சுற்றுக்கு 13 அங்குலம் முன்னேறும் கணக்கு). எஞ்சின் காலைச் சுற்றித் தண்ணீர் வேறு பீய்ச்சி அடிக்கிறது. எதை முதலில் மாற்றுவது?

கடல்காகம்: முதலில் எஞ்சின் மாட்டியிருக்கும் உயரம், அண்ணே. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலேயோ நிற்க வேண்டும். உங்களுடையது தாழ்ந்து கிடக்கும் போலிருக்கிறது. எஞ்சினை மாட்டும் போல்ட் துளையில் ஒரு துளை, அதாவது முக்கால் அங்குலம், ஏற்றுங்கள். திருப்பத்தில் எஞ்சின் சட்டென்று அலறினால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், உடனே இறக்கிவிடுங்கள். குளிர்நீர் ஒழுங்காக வெளியே வருகிறதா என்றும் பாருங்கள், அது ரொம்ப முக்கியம்.

பொங்கோல்_வாசி: அப்புறமும் சுற்று ஏறாவிட்டால் 11 பிட்ச் புரொப்பெல்லர் போடுங்கள். பிட்ச் ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150–200 ஆர்பிஎம் கூடும். வெறும் படகில் பார்க்காதீர்கள், முழுச் சுமையோடு அளக்க வேண்டும்.

உபின்_தூண்டில்: சரி, சனிக்கிழமை ஒரு துளை ஏற்றிப் பார்க்கிறேன். நன்றி.