மறு: ஹிமா, அகி, ட்சுகோ மூன்றுக்கும் ‘ஓய்வு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். நம் ஜப்பானிய மொழிப் பாடத்தின் அருஞ்சொல் பட்டியலில் ஹிமா, அகி, ட்சுகோ என்ற மூன்று சொற்களுக்கும் தமிழில் என்ன போடுவது என்பது பற்றி.

> மூன்றுக்கும் ஓய்வு என்றே போட்டுவிடலாம், படிப்பவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை ஐயா. குழப்பம் தொடங்குவதே அங்கேதான். ஹிமா என்றால் செய்ய வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருப்பது. நண்பனிடம் "நிச்சியோபி, ஹிமா?" (ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கே?) என்று தாராளமாகக் கேட்கலாம். மேலதிகாரியிடம் மரியாதைக்கு ஒரு 'ஓ' சேர்த்து "ஓஹிமா தெஸ் கா" என்று கேட்டாலும், உங்களுக்கு வேலையே இல்லையா என்று கேட்டது போலத்தான் அவர் காதில் விழும். தமிழில் "ஓய்வாக இருக்கிறீர்களா" என்பது பணிவான கேள்வி. நம் பாடத்தில் ஹிமாவுக்கு ஓய்வு என்று படித்தவர் அதே பணிவோடு போய் அதையே கேட்பார், மாட்டிக்கொள்வார். ஹிமாவுக்கு 'சும்மா இருத்தல்' என்றே போடுவோம், கலைச்சொல் மாதிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அகி ஆளைப் பற்றியது அல்ல, இடத்தையோ நேரத்தையோ பற்றியது. டாக்ஸியின் முன்கண்ணாடியில் 'கூஷா' (காலி வண்டி) என்று எரிகிறதே, அதில் 'கூ' என்று படிப்பதும் அகியை எழுதும் அதே காஞ்சி (சீனவழி) எழுத்துதான், உச்சரிப்புதான் வேறு. "தோயோபி, அய்தே இமாஸ் கா" என்றால் சனிக்கிழமை வேறு எதுவும் வைத்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறீர்களா என்று பொருள். இதற்கு 'ஒழிவு' என்பது என் பரிந்துரை. ஒழிப்பு ஞாபகம் வருகிறது, கொசு ஒழிப்பு மாதிரி இருக்கிறது என்று போன மடலில் ஒருவர் சொன்னார், ஆனால் ஒழித்தல் வேறு, ஒழிதல் வேறு. "கை ஒழியட்டும், வர்றேன்", "வீடு ஒழிஞ்சா சொல்லுங்க" என்று இன்றும் பேசுகிறோம். ஜப்பானியரும் அப்படியே "தே கா அகு" என்கிறார்கள், தே என்றால் கை, அகியும் அய்தேயும் இந்த அகு என்ற வினையிலிருந்து வந்தவைதான்! இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? வண்டி, இருக்கை, அறைக்கெல்லாம் மட்டும் காலியே இருக்கட்டும், 'ஒழிவு டாக்ஸி' என்று யாரும் சொல்லப்போவதில்லை.

அப்புறம் ட்சுகோ. ஒருவருடைய சூழ்நிலை ஒத்துவருகிறதா என்பது. வேலை இருக்கலாம், உடம்பு முடியாமல் இருக்கலாம், வீட்டில் விருந்தாளி இருக்கலாம், "ட்சுகோ கா வருய்" (சூழ்நிலை ஒத்துவரவில்லை) என்று சொல்லிவிட்டால் எதையும் விளக்க வேண்டியதில்லை, எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் துருவிக் கேட்கமாட்டார். பெரியவர்களிடம் நாள் கேட்கும்போதும் "கோ ட்சுகோ வா இகாகா தெஸ் கா" (உங்களுக்கு ஒத்துவருமா?) என்பதுதான் பாதுகாப்பு. இதற்குத் 'தோது' சரியாக உட்காரும்: தோதான நாள், சனிக்கிழமை தோதுப்படாது. 'வசதி' வேண்டாம். அது பணத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது, தவிர பென்ரி (பயன்படுத்த வசதியானது) என்ற சொல்லுக்கு அது தேவைப்படும்.

மறுப்பதற்குத் தனிச்சொல்லே தேவையில்லாத இடமும் உண்டு. "தோயோபி வா, சொத்தோ..." என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள், வர முடியாது என்று அர்த்தம். "சனிக்கிழமை கொஞ்சம்..." என்று நாமும் இழுப்போமே, அதேதான். இதை அருஞ்சொல் பட்டியலில் போடாமல் உரையாடலிலேயே காட்டலாம்.

'கிடைக்கும்தன்மை' (availability) கணினி சர்வர்களுக்கு இருக்கட்டும், மனிதர்களுக்கு வேண்டாம். ஜப்பானியரும் அதற்குக் கயோசெய் என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்.

தோது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் புழக்கத்தில் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொன்னால் பாடத்தை அதற்கேற்பத் திருத்திவிடலாம்.