நியோமெர்கசோலால் காமாலை: மாத்திரையை நிறுத்தியாச்சு, தைராய்டை எப்படி அடக்குறது?

கேள்வி – பாலக்கோடு

அம்மாவுக்கு வயசு 46. கிரேவ்ஸ் நோய்க்கு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்குற நோய்) அதை அடக்குற நியோமெர்கசோல் மாத்திரை தினம் 30 மி.கி. கொடுத்தாங்க. அஞ்சாவது வாரம் உடம்பெல்லாம் அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம். ரத்தத்துல பிலிருபின் (காமாலை அளவு) 4.2, எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) 210. டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டார். இப்ப நாடி 116, கை நடுக்கம் திரும்ப வந்துடுச்சு. பிடியுங்கிற இன்னொரு தைராய்டு மாத்திரைக்கு மாறலாமா? பக்கத்து வீட்டுல கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கச் சொல்றாங்க.

பதில் – தர்மபுரி

பிடியு வேண்டாங்க. நியோமெர்கசோல் பெரும்பாலும் பித்த ஓட்டத்தைத் தடுத்துத்தான் காமாலை தரும். நிறுத்தினா சில வாரத்துல இறங்க ஆரம்பிக்கும். பிடியு கல்லீரல் செல்லையே தாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2010-ல அதுக்குக் கட்டம் கட்டின (மிகக் கடுமையான) எச்சரிக்கை போட்டது அதனாலதான்.

மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த எல்எஃப்டி (கல்லீரல் ரத்தப் பரிசோதனை) இருந்தா தேடி எடுங்க. தைராய்டு மிகுதியே கல்லீரல் நொதிகளைக் கொஞ்சம் ஏத்தும். அதுல வர்ற ஏஎல்பிங்கிற நொதி எலும்புல இருந்தும் வரும். ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ பாக்கணும். ரத்தம் உறையுறதைப் பாக்குற ஐஎன்ஆர் பரிசோதனையை விட்டுடாதீங்க. அது 1.5-ஐத் தாண்டினாலோ, அம்மா பேச்சு குழம்பினாலோ, கடும் காய்ச்சலோட நாடி 140 போனாலோ அன்னைக்கே அட்மிட் பண்ணணும்.

கீழாநெல்லி இப்ப கொடுக்காதீங்க. நாளைக்கு எஸ்ஜிபிடி ஏறினா எதனால ஏறுச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

பதில் – கிருஷ்ணகிரி

இடைக்காலத்துக்கு ரெண்டு மருந்து பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. படபடப்புக்கு பீட்டா பிளாக்கர். புரோப்ரனலால் கல்லீரல் வழியா கரையிறதால அளவைக் குறைப்பாங்க, இல்லைன்னா சிறுநீரகம் வழியா போற அட்டெனலால் தருவாங்க. வீசிங் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க.

இன்னொண்ணு கொலஸ்டிரமின் பொடி, 4 கிராம் பாக்கெட். தைராய்டு ஹார்மோன் பித்தத்தோட குடலுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்குப் போகும். இந்தப் பொடி அதைக் குடல்லயே பிடிச்சு வெளியேத்திடும். பித்த உப்பையும் பிடிக்கிறதால அரிப்பும் தணியும். ஆனா கூடவே விழுங்குற மாத்திரையையும் பிடிச்சுக்கும். மத்த மாத்திரைகளைப் பொடிக்கு 1 மணி நேரம் முன்னாடி, இல்லைன்னா 4 மணி நேரம் கழிச்சுக் கொடுங்க. பொடியை ஒரு டம்ளர் தண்ணியில நல்லாக் கரைச்சுக் குடிக்கணும், வெறும் வாயில போடக்கூடாது. மலச்சிக்கல் வரும்.

பதில் – ஓசூர்

இதெல்லாம் நாளைக் கடத்தத்தான். முடிவான வழி ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடினைக் குடிச்சுச் சுரப்பியை அடக்குறது) அல்லது ஆபரேஷன். காமாலையோட மயக்க மருந்து கொடுக்கிறது ஆபத்து; தைராய்டு அடங்காம ஆபரேஷன் பண்ணினா தைராய்டு புயல் (நோய் திடீர்னு முத்தி உயிருக்கே ஆபத்தாகுறது) வரலாம். அதனால இந்த மாதிரி ஆளுக்குப் பெரும்பாலும் ரேடியோ அயோடின்தான் யோசிப்பாங்க. பெங்களூரு, வேலூர் சிஎம்சி மாதிரி நியூக்ளியர் மெடிசின் இருக்கிற இடத்துக்குத்தான் போகணும். முழுப் பலன் தெரிய 2 முதல் 6 மாசம் ஆகும். பிறகு பெரும்பாலும் ஆயுசுக்கும் தைராக்ஸின் மாத்திரை. கண் பிதுங்கி இருந்தா முதல்ல கண் டாக்டரைப் பாருங்க, ரேடியோ அயோடின் அதை மோசமாக்கலாம்.

இங்க பலர் தவறுறது ஒரு இடம்: காமாலைக்குப் பித்தக்கல் காரணமான்னு பாக்க அல்ட்ராசவுண்டு போதும். அயோடின் கான்ட்ராஸ்ட் ஏத்தி சிடி எடுத்துட்டா சுரப்பி அந்த அயோடினால நிறைஞ்சுடும், ரேடியோ அயோடின் பல வாரம் தள்ளிப்போகும். லுகால்ங்கிற அயோடின் சொட்டு மருந்தும் அப்படித்தான், அது ஆபரேஷன் முடிவானவங்களுக்கு.

ரேடியோ அயோடினுக்கு முன்னாடி சாப்பாட்டுல அயோடின் குறைக்கச் சொன்னா களி, அவரைக்கொட்டைக் குழம்பு தாராளமா சாப்பிடலாம். பால், தயிர், முட்டை, மீனைக் குறைக்கணும். கல்லுப்புன்னாலே அயோடின் இல்லைன்னு நினைக்காதீங்க, பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. ரேடியோ அயோடின் குடிச்ச அன்னைக்குக் கூட்டமான பஸ்ஸுல திரும்பாதீங்க. வீட்டுல கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா எத்தனை நாள் தள்ளிப் படுக்கணும்னு அங்கேயே எழுதி வாங்கிட்டு வாங்க.