'மீட்டமை' வேண்டாம், 'மீளா அழிப்பு' என்போம்

பழைய போனை விற்பதற்கு முன்னால் அக்கா அமைப்புகளுக்குள் போய், 'மீட்டமை' பொத்தானுக்கு மேலே விரலை நிறுத்திக்கொண்டு என்னைக் கேட்டாள்: "மீட்டமைன்னு போட்டிருக்கே, நான் அழிச்ச போட்டோவெல்லாம் திரும்ப வந்துடுமா?"

அவள் கேட்டது சரிதான். மீட்பது என்றால் போனதைத் திரும்பப் பெறுவது. காப்புநகலிலிருந்து (backup) தரவைக் கொண்டுவருவதற்கு 'மீட்டெடு' என்கிறோம். போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட்டுக்கு 'மீட்டமை' என்கிறோம். எதிரெதிர் வேலைகளுக்கு இப்படி ஒட்டிப் பிறந்த சொற்கள் ஆகாது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'பாதுகாப்பான அழிப்பு' (secure erase) என்ற பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. தரவு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று தோன்றவைக்கும். 'துடைத்தழிப்பு' அழகான சொல். ஆனால் போனுக்குள் யாரும் எதையும் துடைப்பதில்லை. ஒரு படத்தை நீக்கினால் அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அதன்மேல் வேறு எதையாவது எழுதலாம் என்றால், போன் தரவைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஒரே இடம் தேய்ந்துவிடாமலிருக்கப் புதியதை வேறு இடத்தில் எழுதிவிடும். பழையது அங்கேயே கிடக்கும். 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகள் ஓடிய 21 போன்களை ஆராய்ந்தார்கள். ரீசெட் செய்த பிறகும் பலவற்றில் கூகுள் கணக்குக்குள் நுழையப் போதுமான விவரம் எஞ்சியிருந்தது.

இன்றைய போன்கள் தரவைக் குறியாக்கம் (encryption) செய்தே, அதாவது ஒரு ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே எழுதுகின்றன. ரீசெட் செய்யும்போது அந்தச் சாவி அழிகிறது. சாவி போய்விட்டால் மிஞ்சுவதை யாராலும் படிக்க முடியாது. ஆகவே வழிமுறைக்குச் 'சாவியழிப்பு', விளைவுக்கு 'மீளா அழிப்பு' என்று இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். 'மீட்டமை'யில் இருக்கும் அதே மீள் என்ற வேர்தான், ஆனால் எதிர்மறையில் வருவதால் குழப்பம் தீர்கிறது. 'மீளா' செய்யுள் நடையாக இருக்கிறதே என்பவர்களுக்கு: 'மீளாத் துயரம்' எல்லா இரங்கல் செய்தியிலும் வருகிறது. சேர்த்து மட்டும் எழுத வேண்டாம். 'மீளாவழிப்பு' என்றால் கண் அதை 'வழிப்பு' என்று பிரித்துவிடும்.

பொத்தானில் கலைச்சொல்லே வேண்டாம். 'எல்லாவற்றையும் அழி, திரும்பக் கிடைக்காது' என்று இருக்கட்டும்.

அப்புறம், மெமரி கார்டு. அதில் பெரும்பாலும் குறியாக்கம் கிடையாது, அழிக்கச் சாவியும் கிடையாது. அதைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லும் வரி அதே திரையில் வர வேண்டும்.