கைப்பம்ப் அடித்தால்தான் ஜீப் எழுந்திருக்கிறது

கடையத்துக்காரன்: 1994 மாடல் டீசல் ஜீப். ராத்திரி நிறுத்தினால், காலையில் ஃபீட் பம்பில் (டேங்க்கிலிருந்து டீசலை இழுப்பது) இருக்கும் கைப்பம்ப் பட்டனை முப்பது தடவை அமுக்க வேண்டியிருக்கிறது. காரையாறு ஏற்றத்தில் திக்கித் திக்கி நின்றேவிட்டது. ஃபில்டர் மாற்றியாச்சு. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. மெக்கானிக், எஞ்சினுக்கு டீசலைப் பீச்சும் மெயின் பம்பை இறக்கணும் என்கிறார். என் கார் பருவ நெல் காசு அதற்கே போய்விடும்.

பழைய டிரைவர்: பம்பில் கை வைக்காதீங்க அண்ணாச்சி. ஒழுகல் இல்லை என்பதுதான் துப்பே. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே கீறல் இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரத்தில் வைத்து, ஃபீட் பம்புக்கு நேரே ட்யூப் கொடுங்க. சரியாக ஓடினால் குற்றம் டேங்க் பக்கம்.

அம்பைத் தம்பி: டேங்க் மூடித் துவாரம் அடைத்திருந்தாலும் ஏற்றத்தில் திக்கும். டீசல் குழாய் இணைப்புகளில் இருக்கும் செம்பு வாஷரையும் பாருங்க.

கடையத்துக்காரன்: கேன் வைத்ததும் காலையில் முதல் செல்ஃபிலேயே பிடித்துவிட்டது! டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. வளைத்துப் பார்த்தால்தான் வாய் திறக்கிறது. ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப். அப்புறம் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி நுரை அடங்கும் வரை காற்றெடுத்தேன். நேற்று காரையாறு போய் வந்தாச்சு. மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.