20 கிணறும் நம்ம கண்மாயும்: கிராம சபைல தீர்மானம் போடணுமா வேணாமா?

கண்மாய்க்கரை:
ராமநாதபுரம் மாவட்டத்துல எண்ணெய், காஸ் இருக்கான்னு பாக்க 20 சோதனைக் கிணறு தோண்ட மத்திய அரசு எண்ணெய்க் கம்பெனி ஓஎன்ஜிசிக்கு 2025 மார்ச்லயே மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஓகே சொல்லிருச்சு, நமக்கு ஆகஸ்ட்ல பேப்பர் பாத்துத்தான் தெரியும். சத்தம் கெளம்புனதும் அரசு 'அனுமதிக்க மாட்டோம், வாபஸ் வாங்கச் சொல்லிட்டோம்'னு அறிக்கை விட்டுச்சு. சந்தோசம். ஆனா புதுசா எண்ணெய், காஸ் எடுக்கக் கூடாதுன்னு 2020ல போட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை எடுத்துப் படிச்சீகளா, அதுல தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் இருக்கு, கடலூர் புதுக்கோட்டைல கொஞ்சம் ஒன்றியம் இருக்கு, ராமநாதபுரமும் இல்ல நம்ம சிவகங்கையும் இல்ல. இன்னைக்கு மந்திரி வேணாம்ங்கிறாரு, நாளைக்கு வேற மந்திரி. அதான் அக்டோபர் 2 கிராம சபைல நம்ம ரெண்டு மாவட்டத்தையும் சட்டத்துல சேருங்கன்னு தீர்மானம் போடலாம்னு எங்க ஊர்ல பேச்சு. என்ன சொல்றீக?

ரிக்குக்காரன் தேவகோட்டை:
ஆரம்பிச்சுட்டாகய்யா. 26 வருசம் எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்ல குப்பை கொட்டுனவன், மும்பைக் கடல்ல பாம்பே ஹை, அப்புறம் ஓமன், மட் இன்ஜினியர், அதாவது தோண்டும்போது உள்ள விடுற சேத்தக் கவனிக்கிற வேலை, அதனால ரெண்டு வார்த்தை. எண்ணெய் கெடக்கிறது 2000, 3000 மீட்டர் ஆழத்துல. நம்ம தோட்டத்து போர் எவ்வளவு, 300 அடி 400 அடி. நடுவுல கேசிங்னு இரும்புக் குழாய், அதுக்கும் பாறைக்கும் இடையில சிமெண்ட், மேல தண்ணி இருக்கிற பகுதிக்கு ஒண்ணுக்கு ரெண்டு அடுக்கா போடுவோம். இதெல்லாம் தெரியாம 'நிலத்தடி நீர் போச்சு'ன்னு எழுதுறாக. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேல டாலர் குடுத்து வாங்குறோம். போராட்டத்துக்கு எதுல வந்தாகன்னு பாத்தா அம்புட்டுப் பேரும் புல்லட்ல வந்திருக்காக.

கல்லுக்கட்டி கடைப்பையன்:
அண்ணன் சொல்றது கரெக்ட். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு மூணு வருசம் ஆச்சு, பாத்திரக் கடைல பில் போட்டுக்கிட்டு இருக்கேன், என் செட்டுல பாதிப் பேரு திருப்பூர் மீதி சிங்கப்பூர். கம்பெனி வந்தா வேணாம்ங்கிறீக, வரலைன்னா பயலுக ஊர்ல இல்லைங்கிறீக.

நெடுவாசல் மருமகன்:
தம்பி, சோதனைக் கிணறுன்னா கொஞ்ச மாசம் வேலை, ரிக்கு வரும்போதே ஆளும் கூட வந்துருவாக, ஊர்க்காரவுகளுக்கு வாட்ச்மேன் வேலையும் கேம்ப்ல சமையலும்தான், ரிக்குக்கார அண்ணனையே கேட்டுப் பாரு.

என் மாமனார் ஊரு புதுக்கோட்டை மாவட்டத்துல நெடுவாசல் பக்கம், அதான் இந்தப் பேரு. 2017 பிப்ரவரில எண்ணெய், காஸ் எடுக்க மத்திய அமைச்சரவை 31 இடத்துக்கு ஓகே குடுத்துச்சே அதுல நெடுவாசலும் ஒண்ணு. உடனே ஊரே உக்காந்துருச்சு, முதல்ல 22 நாள், எடுக்க மாட்டோம்னு வாக்கு குடுத்து எந்திரிக்க வச்சாக, அப்புறம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டாக, ஏப்ரல்ல திரும்ப உக்காந்தாக பாருங்க, 174 நாள். என் மாமியார் பந்தல்லயே மல்லியப் பூவ மடில கொட்டி கட்டிக்கிட்டு இருப்பாக, ஏன்னா கீரமங்கலம் பூச்சந்தைக்கு பூ போயாகணும், கோசம் போடுறப்ப மட்டும் நாரைப் பல்லுல கடிச்சுக்கிட்டு கையத் தூக்குவாக. நாலாவது நாள் போயி 'அத்தே வீட்டுக்கு வாங்க'ன்னு கூப்பிட்டேன், மருமகன்னு கூடப் பாக்காம திட்டுனாக பாருங்க, அத இங்க எழுத முடியாது. பக்கத்துல வடகாடு, நல்லாண்டார்கொல்லைல முன்னாடியே போட்ட கிணறு இருந்துச்சு, அந்த ஊர்க்காரவுகளும் தனியாப் பந்தல் போட்டாக, அவுகளுக்கு கேசிங் பாடமெல்லாம் யாரும் எடுக்க வேண்டியது இல்ல.

ரிக்குக்காரன் தேவகோட்டை:
நெடுவாசல்ல கடைசில ஒரு சொட்டு வெளிய வந்துச்சா? வராததுக்கு 196 நாள் உக்காந்திருக்கீக. ராமநாதபுரம் வழுதூர்ல அந்த ஊரு காஸ எரிச்சு கரண்டு எடுத்து 20 வருசத்துக்கு மேல ஆச்சு, அங்க யாருக்கு கொம்பு மொளச்சிருக்கு? நம்ம வீட்டு மிக்ஸில அந்தக் கரண்டும் ஓடுதுல்ல.

வேலையப் பத்தி மருமகன் சொன்னது நெசம்தான். தம்பி, ரிக்கு வேலைக்கு நீ வெளிய போயிதான் கத்துக்கணும்.

கண்மாய்க்கரை:
அண்ணே, நீங்க கீழ 3000 மீட்டரப் பத்திப் பேசுறீக, நான் மேல மூணு அடியப் பத்திப் பேசுறேன். நம்ம பக்கம் ஆத்துத் தண்ணிய நம்பி எவன் வெள்ளாமை வச்சான்? வானத்தப் பாத்த பூமி. ஒரு கண்மாய் நெறஞ்சு கலுங்குல விழுந்து மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நெறஞ்சா அடுத்தது, இப்படி சங்கிலியா கீழ கடல் வரைக்கும். செட்டிநாட்டு ஊருணியெல்லாமே மழைத்தண்ணி ஓடி வர்ற வரத்துக்கால நம்பித்தான இருக்கு. மேல ஒரு கண்மாய்ல ஒரு டேங்கர் கவுந்தா போதும், கீழ இருக்கிற ஊருக்கு யாரும் போன் போட்டுச் சொல்ல வேண்டாம், தண்ணியே கொண்டாந்து சேத்துரும். தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்துல 2017 ஜூன் 30ல வயல்ல எண்ணெய் வந்து நின்னது உங்க ஆழத்துலேர்ந்து இல்ல, மேல ஓடுற குழாய்லேர்ந்து. கேட்டவுக மேல தடியடி.

எங்க ஊர்லேர்ந்து வேட்டங்குடி சரணாலயம் பக்கம். கொள்ளுகுடிப்பட்டில தீபாவளிக்கு வெடி போட மாட்டாக, கண்மாய்க்குள்ள கருவேல மரத்துல நத்தைகுத்தி நாரை கூடு கட்டிருக்கும், குஞ்சு பயந்துரும்னு. சின்னப் பிள்ளைக கூட கேக்காது. வெடிச் சத்தத்துக்கே இப்படிப் பாக்குற ஊருக்குப் பக்கத்துல ராத்திரி பகலா ரிக்கு ஓட்டி காஸ எரிச்சா நாரை நிக்குமா? 2023 டிசம்பர்ல எண்ணூர்ல கூழைக்கடா எல்லாம் தாரு பூசுன மாதிரி நின்னுச்சே, பாத்தீகள்ல?

ரிக்குக்காரன் தேவகோட்டை:
இதத்தான் சொல்றேன், எல்லாத்தையும் ஒரே சாக்குல அள்ளிப் போடாதீக. எண்ணூர்ல தோண்டுனதே இல்ல. 2023ல வெள்ளத்தோட ரிஃபைனரிப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு, 2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதுச்சு. அதுக்கும் கிணறுக்கும் என்ன சம்பந்தம்?

கண்மாய்க்கரை:
ஒத்துக்கிறேன், அது என் தப்பு. அப்ப பாக்ஜான் எடுத்துக்குங்க. அசாம், 2020 மே 27, ஆயில் இந்தியா கிணறு, காஸ் பீச்சி அடிச்சுச்சு, ஜூன் 9 தீப்பிடிச்சுச்சு, தீயணைக்கப் போனவுக ரெண்டு பேரு செத்தாக, முழுசா அடக்க நவம்பர் ஆச்சு. பக்கத்துல திப்ரு சைகோவா தேசியப் பூங்கா, மகுரி மோட்டாபுங் ஏரி, நம்ம வேட்டங்குடி மாதிரி பறவை எறங்குற தண்ணி. மீன் மெதந்துச்சு, டால்பின் ஒண்ணு செத்துக் கெடந்துச்சு, வீட்ட விட்டு ஆயிரக்கணக்குல முகாமுக்குப் போனாக. இது கிணறுதானேண்ணே?

ரிக்குக்காரன் தேவகோட்டை:
கிணறுதான். புளோஅவுட், இப்படிக் கட்டுமீறிப் பீச்சி அடிக்கிறது, எப்பவாச்சும் நடக்கிறது, அதுக்குத்தான் பிஓபின்னு வாய்க்கட்டு வச்சிருக்கோம். பாக்ஜான்ல வேலை நடக்கும்போது கழட்டிருந்தாக. மனுசத் தப்பு.

நெடுவாசல் மருமகன்:
நம்ம பக்கம் தோண்டப் போறதும் மனுசன்தான?

போர்ட் ஹார்கோர்ட் கணக்கன்:
பள்ளத்தூர்க்காரன். நைஜீரியால போர்ட் ஹார்கோர்ட்ல நாலு வருசம் ஒரு மாவு மில்லுல கணக்குப் பாத்தேன். 2016 கடைசில ஒரு நாள் காலைல வெள்ளைச் சட்டை கொடில காஞ்சத எடுக்கிறேன், தோள்பட்டைல கரி. தட்டுனா போகாது, தேச்சா பரவும். வீட்ல வெறுங்காலோட நடந்தா பாதம் அடுப்படில நடந்த மாதிரி கறுப்பா இருக்கும், ஊரே அப்படித்தான், மூக்கச் சிந்துனா கறுப்பு.

பக்கத்துல ஓகோனி நாடு. 1950கள்லேர்ந்து எண்ணெய் எடுத்த எடம். கென் சாரோ-விவான்னு ஒரு எழுத்தாளர் ஜனங்களத் தெரட்டி 1993ல ஷெல் கம்பெனிய அங்கேர்ந்து கெளப்புனாரு, 1995 நவம்பர் 10 ராணுவ ஆட்சி அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்குல போட்டுச்சு. கம்பெனி எடுக்கிறத நிறுத்தி 18 வருசம் கழிச்சு 2011ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு சோதிச்சா, ஒரு ஊர்ல குடிக்கிற கிணத்துல பென்சீன்ங்கிற புத்துநோய் ரசாயனத்தோட அளவு உலக சுகாதார அமைப்பு சொல்ற அளவ விட 900 மடங்கு. சுத்தம் பண்ண 25லேர்ந்து 30 வருசம் ஆகும்னு எழுதுனாக.

ரிக்குக்காரன் தேவகோட்டை:
தம்பி, அந்தக் கரி திருட்டு எண்ணெயக் காட்டுக்குள்ள காய்ச்சுறதால வந்தது. அதையும் சொல்லுங்க.

போர்ட் ஹார்கோர்ட் கணக்கன்:
ஆமாண்ணே, பெரும்பாலும் அதான். மில்லுல லோடு எறக்குற ஒருத்தர் அந்த வேலையும் பாத்தவர், அவுக அப்பா காலத்துல ஓடைல எறா பிடிச்சு பொழச்ச குடும்பம், ஓடை செத்துப் போனப்பறம் எறா ஏது, காய்ச்சப் போயிட்டாரு. கை ரெண்டும் வெந்த தழும்பு.

வளவுவீட்டு ஆச்சி:
ரெண்டு நாளா படிச்சுக்கிட்டு வர்றேன். எங்க வீட்டுப் பட்டாலைத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு, அதனால நான் பேசலாமான்னு ஒரு யோசனை. எங்க ஐயா பர்மாவுக்கு கொண்டுவிக்க, வட்டித் தொழில் பண்ண, போனவுக, மாக்வேல கடை, பக்கத்துல ஏனாங்யாங், எண்ணெய் ஊரு. பர்மா ஆயில் கம்பெனி. 1938 கடைசில எண்ணெய்த் தொழிலாளிக கூலி கேட்டு அந்தப் பக்கத்துலேர்ந்து ரங்கூனுக்கு நடந்தே போனாகளாம், ஐயா கடை வாசல்ல நின்னு பாத்திருக்காக. 1942ல ஜப்பான்காரன் வர்றான்னு வெள்ளைக்காரனே எண்ணெய்க் கிணத்தையெல்லாம் வெடி வச்சுட்டுப் போனான், ஐயா அந்தப் புகைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுத்தான் நடந்து வந்தாக. பகல்லயே இருட்டுன்னு சொல்வாக. பெட்டகச் சாவி ஒண்ண மட்டும் மடில கட்டிக்கிட்டு வந்தாக, பெட்டகம் அங்கயே போச்சு, சாவி இன்னும் எங்க வீட்ல இருக்கு.

நான் சொல்ல வந்தது வேற. ஐயா வட்டிக்கு விட்டது, கம்பெனி எண்ணெய் எடுத்தது, ரெண்டு பேரும் கெளம்பி வந்துட்டாக. அந்த ஊர்க்காரவுக எங்கயும் போக முடியல. ரிக்குக்காரத் தம்பி, கிணறு முடிஞ்சதும் நீங்க அடுத்த எடத்துக்குப் போயிருவீகல்ல?

கல்லுக்கட்டி கடைப்பையன்:
ஆச்சி 🙏 சாவி போட்டோ போடுங்க

அட்மின்:
போட்டோ வேற திரில. ஏற்கனவே இதுல ஒருத்தர் பணியாரம் போட்டு நீக்கிருக்கேன்.

ரிக்குக்காரன் தேவகோட்டை:
ஆச்சி கேட்டதுக்கு பதில் சொல்லாம இருக்க முடியல. போயிருவோம் ஆச்சி.

ஒண்ணு சொல்றேன், இத வச்சு என்னைய மடக்காதீக. தோண்டும்போது வர்ற கழிவு சேறு, ரசாயனம் கலந்த தண்ணி எல்லாம் ஒரு குழில விடுவோம், அடில கனத்த பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிருக்கும், அதுதான் ரூல். ஒரு எடத்துல, எந்தக் கம்பெனி எந்த ஊருன்னு கேக்காதீக, ஐப்பசி மழைக்கு முன்னாடி குழியக் காலி பண்ணுங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். காண்ட்ராக்டர் லாரிக்குக் காசு மிச்சம் பாத்தான். ஒரு ராத்திரி மழை பிடிச்சுச்சு, விடியக்காலம் நாலு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தா குழியும் வயலும் ஒரே மட்டத்துல நிக்குது, கரைய ஆடு மிதிச்ச எடத்துல ஷீட்டு கிழிஞ்சு நாக்கு மாதிரி ஆடிக்கிட்டு இருக்கு. காலைல ஒரு அம்மா கதிரு அறுக்க வந்து வரப்புல நின்னாக. ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. ரிப்போர்ட்ல 'சிறு வழிவு, சரிசெய்யப்பட்டது'ன்னு போச்சு. ரெண்டு வாரத்துல ரிக்கு எறக்கியாச்சு, எனக்கு அடுத்த டூட்டி கடல்ல.

இன்னமும் நாட்டுக்கு எண்ணெய் வேணும்ங்கிற கட்சிதான் நான். ஆழத்துல ஆபத்து கம்மிதான், அதுல மாத்தமில்ல. மேலதான் நாறுது, கண்மாய்க்கரை சொன்ன அந்த மூணு அடில.

கண்மாய்க்கரை:
அண்ணே, மடக்கல. ஆனா இத நீங்க கிராம சபைல வந்து சொன்னா நாங்க நூறு பேரு கத்துறத விட எடுபடும்.

ரிக்குக்காரன் தேவகோட்டை:
வர மாட்டேன், பென்சன் வாங்குறவன். தீர்மானத்துக்கு வேணா கேள்வி எழுதித் தாரேன். 2020 ஜனவரில மத்திய அரசு விதிய மாத்துனதுலேர்ந்து சோதனைக் கிணறுக்கு மக்கள் கருத்துக் கேக்கவே வேண்டாம், அத யாரும் இங்க எழுதல, மொதல்ல அதப் போடுங்க. 'எதிர்க்கிறோம்'னு மொட்டையா எழுதுனா பைல்ல தூங்கும்.

கல்லுக்கட்டி கடைப்பையன்:
எவ்வளவு போட்டாலும் டெல்லில கேப்பானா?

நெடுவாசல் மருமகன்:
174 நாள் கேக்க வச்சோம்ல. ஈக்வடார்ல 2023 ஆகஸ்ட்ல யாசுனிக் காட்டுல எண்ணெய் எடுக்கலாமா வேணாமான்னு நாடு முழுக்க ஓட்டெடுப்பே வச்சாக, சுமார் 59 சதவீதம் வேணாம்னு போட்டாக. நமக்கு ஓட்டெடுப்பு இல்ல, கிராம சபை இருக்கு.

கண்மாய்க்கரை:
அப்ப இப்படி எழுதலாமா: சிவகங்கை, ராமநாதபுரம் ரெண்டையும் 2020 சட்டத்துல சேக்கணும். சோதனைக் கிணறா இருந்தாலும் ஊர்ல கேக்காம அனுமதி கூடாது. கழிவுக் குழி கண்மாய் வரத்துக்கால் பக்கத்துலயே வரக்கூடாது.

ரிக்குக்காரன் தேவகோட்டை:
மூணாவத மாத்துங்க. 'பக்கத்துல'ன்னா அவன் 50 மீட்டரும் பக்கம் இல்லம்பான். எந்தெந்தக் கால், எந்தெந்தக் கண்மாய்னு பேரு போட்டு எழுதுங்க, வருவாய்த் துறை எப்எம்பிங்கிற நில அளவைப் படத்துல உள்ள சர்வே நம்பரோட. புரட்டாசிலேர்ந்து மார்கழி வரைக்கும் குழியே திறந்து கெடக்கக் கூடாதுன்னு தனியா ஒரு வரி.

வளவுவீட்டு ஆச்சி:
எங்க ஊருணி வரத்துக்கால் சர்வே நம்பர் வீட்டுப் பழைய பத்திரத்துல இருக்கு, நாளைக்கு வெள்ளனா எடுத்துப் போடுறேன். கண்ணாடியத் தேடணும்.