ஷூ அடிப்பாகம் பொடிப் பொடியாக உதிர்கிறது, மாற்ற வழி உண்டா?

மாசிக் கடைசியில் அகத்தியர்கூடம் போனோம். மலை என்னவோ பாபநாசத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது, ஆனால் ஏற்றம் கேரளா பக்கம் போணக்காடு வழியாகத்தான். அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் காலையில் பொங்காலைப்பாறை தாண்டி, கயிறு பிடித்து 1,868 மீட்டர் உச்சிக்கு ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது பாறைச் சரிவில் வலது ஷூவின் குதிகால் பக்கம் வாய் பிளந்துவிட்டது, புல்வெளிக்கு வருவதற்குள் இடதும் போச்சு. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அதிருமலை வரை தத்தித் தத்தி வந்தேன் (கூட வந்தவர்களுக்கு நல்ல சிரிப்பு).

ஷூ கணுக்கால் வரை வரும் மலையேற்ற ரகம், 9ஆம் சைஸ், 2018ல் வாங்கியது. மொத்தமே நாலைந்து தடவைதான் போட்டிருப்பேன், மற்றபடி பரணில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மேல் தோலும் கீழ் ரப்பரும் புதுசு மாதிரி இருக்கின்றன. நடுவில் இருக்கும் பாலியூரித்தேன் (மெத்தென்ற நுரைப் பிளாஸ்டிக்) மட்டும் கேக் மாதிரி உதிர்கிறது. ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது இப்படித்தான் மக்கிப்போகும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ரப்பர் பசை போட்டு இரண்டு நாள் பாரம் வைத்துப் பார்த்தேன், பசை பிடித்தது, பிடித்த இடமே பெயர்ந்து வந்தது. பாளையங்கோட்டையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தேன், ஊசி குத்திய இடமெல்லாம் உதிர்ந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கிய கடையிலோ புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

திருநெல்வேலி, தென்காசி, நாகர்கோவில் பக்கம் நடுப்பாகத்தோடு சேர்த்து முழு அடிப்பாகத்தையும் புதிதாக மாற்றித் தருபவர் யாராவது இருக்கிறார்களா?