மோதல் என்று எழுதுமுன்: ‘நெருங்குமுகம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கும் நிலையை ஆங்கிலத்தில் ‘ட்ராஃபிக் கொன்ஃப்ளிக்ட்’ என்கிறார்கள். அதற்கு ‘போக்குவரத்து முரண்பாடு’ என்பதையே நம் விமானத்துறைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். கொழும்பிலிருந்து அதற்கு ஓர் ஆட்சேபம். இங்கே முரண்பாடு என்று சொன்னால், ‘முரண்பாட்டுத் தீர்வு’ என்று பதாகை கட்டி ஹோட்டல் மண்டபங்களில் நடந்த பட்டறைகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ‘பிணக்கு’ தொழிற்சங்கக்காரர்களிடம் போய்விட்டது. ‘மோதல்’ இன்னும் மோசம், மோதாத விமானங்களை நாமே மோதவிட்டுவிடுகிறோம்.

2022 ஜூனில் அதுதான் நடந்தது. லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் விமானம் யூஎல் 504 துருக்கி வான்பரப்பில் 33,000 அடியில் இருந்தது. அதை 35,000 அடிக்கு ஏறச் சொன்னது அங்காரா கட்டுப்பாட்டு நிலையம். அதே 35,000 அடியில், சுமார் 15 மைல் தொலைவில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று போய்க்கொண்டிருந்ததைக் கவனித்த விமானிகள் ஏற மறுத்துவிட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. ஊரெல்லாம் அதை மயிரிழையில் தப்பிய கதையாகவே சொன்னது. ஆனால் அவர்கள் ஏறாததால் இரண்டு விமானங்களுக்கும் இடையே 2,000 அடி உயர இடைவெளி அப்படியே இருந்தது. அந்த உயரத்தில் விதி கேட்பது 1,000 அடிதான். விமானிகளைப் பாராட்ட வேண்டியதுதான், கட்டளை தவறானதுதான், ஆனால் மயிரிழை எங்கே?

ஆகவே நமக்கு ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் இரண்டு விமானங்களுக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமல் போகும் என்ற கணிப்பு ஒன்று. அந்த இடைவெளி உண்மையிலேயே இல்லாமல் போவது அடுத்தது. மோதல் கடைசி. முதலாவது கட்டுப்பாட்டாளரின் அன்றாட வேலை. அதைக் கண்டுபிடித்துத் தீர்க்கத்தான் அவருக்குச் சம்பளம்.

எங்கள் தெருவில், வெள்ளவத்தையில், ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர் ஒருவர் இருக்கிறார். தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “கொன்ஃப்ளிக்ட் எண்டுதான் தம்பி சொல்லுவம். வீட்டில ஆரும் கேட்டால், ரெண்டும் கிட்டக் கிட்ட வருகுது எண்டு சொல்லுவன்” என்றார். அவர் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டி உண்டு. விமானத்தின் எண், உயரம், எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு பட்டிகளில் இடமும் நேரமும் உயரமும் ஒத்துப்போனால், அவற்றைப் பட்டிகள் அடுக்கும் சட்டகத்திலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்துச் சாய்த்து வைப்பார்களாம். தீர்த்த பிறகுதான் உள்ளே தள்ளுவது.

அவர் சொன்ன ‘கிட்டக் கிட்ட’விலிருந்துதான் மூன்றில் முதலாவதற்கு எனக்கு ‘நெருங்குமுகம்’ தோன்றியது. ஏறுமுகம், இறங்குமுகம் என்று விமானத்துக்குப் பொருந்தும் இரண்டு சொற்கள் ஏற்கனவே நம் வாயில் இருக்கின்றன, இது அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ‘இரண்டு விமானங்களும் நெருங்குமுகத்தில் இருந்தன’ என்று செய்தியில் எழுதலாம். திரையில் சிவப்பாக மின்னுவதை ‘நெருங்குமுக எச்சரிக்கை’ எனலாம். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன ‘குறுக்குப்பாதை’ அழகுதான், ஆனால் பாதைகள் குறுக்கிட்டுத்தான் ஆகவேண்டும் என்றில்லை. பின்னால் வேகமாக வரும் விமானம் முன்னால் போவதை எட்டிப்பிடிப்பதும் இதில் சேரும்.

இரண்டாவதற்கு, அதாவது இடைவெளி உண்மையிலேயே இல்லாமல் போவதற்கு, ‘இடைவெளி மீறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மீறல் என்றதும் மீறியவர் யார் என்ற கேள்வி வந்துவிடும். விசாரணை முடியுமுன்பே விமானி குற்றவாளி ஆகிவிடுவார். ‘இடைவெளிக் குலைவு’ போதும். யார் குலைத்தது என்பதை அறிக்கை சொல்லட்டும்.

இதே இழையில் இந்தியாவின் சர்க்கி தாத்ரி விபத்தைக் கட்டுப்பாட்டாளரின் பிழைக்கு உதாரணமாகக் காட்டியது பொருந்தாது. 1996இல் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்த அந்த விபத்தில், 15,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்ட கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டளை சரியாகத்தான் இருந்தது. கட்டுப்பாட்டாளரின் பிழைக்குச் சரியான உதாரணம் 2001 ஜனவரியில் ஜப்பானில் நடந்தது. பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் 958 என்ற எண்ணுள்ள விமானத்தை இறக்க நினைத்து 907 என்ற எண்ணுள்ளதை இறங்கச் சொல்லிவிட்டார். 907இல் இருந்த டீகாஸோ, அதாவது அருகில் வரும் விமானத்தைக் கண்டு விமானியை எச்சரிக்கும் கருவியோ, ஏறு என்றது. விமானி மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார். கருவி சொன்னபடி 958உம் இறங்கியது. மோதவில்லை, ஆனால் கடைசி நொடியில் செங்குத்தாக விலகியதில் 907இல் சுமார் 100 பேர் காயப்பட்டார்கள். மயிரிழை என்ற சொல்லை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் யூபர்லிங்கனில் அதே குழப்பம் 71 உயிர்களைக் கொண்டுபோனது. கருவி ஏறு என்ற விமானத்தைச் சூரிச் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், மற்றதைக் கருவியே இறங்கச் சொல்லியிருந்தது. கருவியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் கருவி சொல்வதைத்தான் கேட்கவேண்டும் என்ற விதி அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியானது. இதனால்தான், கருவி ஏறு அல்லது இறங்கு என்று சொல்வதற்கு நம் பட்டியலில் இருக்கும் ‘தீர்வு ஆலோசனை’ எனக்கு உறுத்துகிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் என்னவாகவும் இருக்கட்டும். ஆலோசனை என்றால் கேட்கலாம், விடலாம். இதை விடமுடியாது. ‘விலகற் கட்டளை’ என்று மாற்றலாமா? வெறுமனே அருகில் விமானம் இருப்பதைச் சொல்லும் முதல் கட்டத்துக்கு ‘அருகமை அறிவிப்பு’ போதும்.

கருவியின் குரல் மட்டும் ‘கிளைம்ப், கிளைம்ப்’ என்றே இருக்கட்டும். எந்த நாட்டு விமானிக்கும் அது அப்படித்தான் ஒலிக்கிறது. விமானத்துறையில் இருப்பவர்கள் ‘விலகற் கட்டளை’ பற்றி ஒரு வரி எழுதினால், பட்டியலைத் திருத்தி அனுப்பிவிடுகிறேன்.